நாப்பது தாண்டினப்புறம் விடாத வலி: "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போட்டதை எல்லாம் திரும்ப ஆரம்பிக்கறது எப்படி

எனக்கு இடுப்பு வலி ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆகுது, அம்மாவுக்கு மூட்டு வலி அதுக்கும் முன்னாடியிலேர்ந்து. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் அதிகமா சொன்னது எதுன்னு யோசிச்சா, "இந்த வலி கொஞ்சம் விடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"ங்கறது தான். நடக்கறது, வெளியூர் போறது, சிநேகிதங்களை பாக்கறது, குழந்தையை தூக்கி வெச்சுக்கறது எல்லாம் அந்த "அப்புறம்"ல போய் சேர்ந்துருச்சு. அம்மா தையல் மெஷினை ஒரு துணி போட்டு மூடினாங்க, நாலு வருஷம், வலியும் விடல துணியையும் எடுக்கல.

நாங்க வரிசையை தப்பா வெச்சிருந்தோம்னு ரொம்ப லேட்டா தான் புரிஞ்சுது. வலி போனா வாழ்க்கை திரும்பும்னு காத்திருந்தோம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா வேலைகளை திரும்ப ஆரம்பிச்சப்புறம் தான் வலியோட பிடி தளர்ந்துச்சு. முழுசா போகல, இப்பவும் இருக்கு, ஆனா நாள் எங்க கையில இருக்கு. அதுக்கு என்னென்ன செஞ்சோம், டாக்டரும் பிசியோவும் என்ன சொல்லிக்குடுத்தாங்க, நானா படிச்சு தெரிஞ்சுக்கிட்டது என்ன, எல்லாத்தையும் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அதனால மருந்து விஷயத்துல எதையும் நீங்களா மாத்தாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

முதல்ல, காத்திருக்கவே கூடாத வலி எதுன்னு தெரிஞ்சுக்கங்க

மூணு மாசத்துக்கு மேல இருக்கற வலி, இல்லேன்னா மூணு மாசத்துக்கு மேல விட்டு விட்டு வர்ற வலி, இதைத்தான் நாள்பட்ட வலின்னு சொல்றாங்க. இந்த கைடு அதுக்குத்தான். ஆனா நாள்பட்ட வலி இருக்கறவங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கு, புதுசா ஒண்ணு வந்தாலும் "பழைய வலி தானே"ன்னு விட்டுடுவோம். கீழ சொல்றது எதாவது இருந்தா இதை படிக்கறதை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க: இடுப்பு வலியோட சிறுநீர் கட்டுப்பாடு போறது அல்லது போகவே மாட்டேங்கறது, மலம் தெரியாம போறது, உக்கார்ற இடமும் தொடை நடுப்பகுதியும் மரத்துப்போறது, கால்ல திடீர்னு பலம் குறையறது. ஒரு மூட்டு மட்டும் சூடா வீங்கி காய்ச்சலோட வலிக்கறது. நெஞ்சு வலி. அம்பது வயசுக்கு மேல புதுசா வர்ற தலைவலி, அதோட தலை சீவும்போது தலைத்தோல் வலிக்கறது, மெல்லும்போது தாடை வலிக்கறது, கண்ணு மங்கறது, இதுல ஒரு நாள் தாமதம் பண்ணினா கூட பார்வை போகலாம்.

காரணமே இல்லாம எடை குறையறது, முன்னாடி கேன்சர் வந்தவங்களுக்கு புதுசா எலும்பு வலி, எப்படி படுத்தாலும் ராத்திரி முழுக்க குறையாத வலி, லேசா விழுந்ததுக்கு அப்புறம் முதுகுல பலமா வலி, இதெல்லாம் அன்னிக்கே இல்லாட்டியும் அந்த வாரமே காட்ட வேண்டியது. அம்பதுக்கு மேல ரெண்டு தோளும் ரெண்டு இடுப்பும் காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இறுகிப்போய் கையை தூக்கவே முடியலேன்னா அதையும் "வயசு"ன்னு விடாதீங்க, அதுக்கு தனியா ஒரு நோய் இருக்கு, ரத்தப் பரிசோதனையில துப்பு கிடைக்கும், சரியான மருந்து குடுத்தா சில நாள்லயே நல்ல வித்தியாசம் தெரியும்.

ரிப்போர்ட்டை பாத்து பயப்படாதீங்க

என் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை கையில வாங்கின அன்னிக்கு நான் குனியவே பயந்தேன். டிஸ்க் தேய்ஞ்சிருக்கு, பிதுங்கியிருக்கு, இப்படி ஒரு பக்கம் முழுக்க. ஒரு வருஷம் குனியாம நிமிர்ந்தே நடந்தேன், மரக்கட்டை மாதிரி, அதுலயே வலி கூடுச்சு. அப்புறம் தான் 2015ல வந்த ஒரு ஆய்வு தொகுப்பை பத்தி தெரிஞ்சுது: முதுகு வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் பண்ணி பாத்த ஆய்வுகளை எல்லாம் ஒண்ணா சேர்த்திருக்காங்க, அதுல இருபது வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், அம்பது வயசுல 80 சதவீதம், எண்பது வயசுல 96 சதவீதம். பிதுக்கமும் அப்படித்தான், அம்பதுல 60 சதவீதம். வலியே இல்லாதவங்களுக்கு இது! தலை நரைக்கற மாதிரி முதுகும் உள்ள நரைக்குது. ரிப்போர்ட்டை தூக்கிப்போடுங்கன்னு சொல்லல, ஆனா அதுல இருக்கற ஒவ்வொரு வார்த்தையும் உங்க வலிக்கு காரணம்னு எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட "இதுல எது என் வலியோட பொருந்துது"ன்னு கேளுங்க.

அப்போ வலி எங்கேருந்து வருது? காயம் இருந்தா வலி, காயம் ஆறினா வலி போகும்ங்கறது அடிபட்ட புதுசுல சரி. மாசக்கணக்குல ஆகும்போது நரம்பு மண்டலமே பழகிப்போயிடுது. வீட்டுல திருடன் வந்தா அடிக்க வேண்டிய அலாரம், ஒரு தடவை நிஜமாவே திருடன் வந்துட்டு போனதுக்கு அப்புறம் காத்து அடிச்சாலும் பூனை நடந்தாலும் அலறுற மாதிரி. 1983ல கிளிஃபர்ட் வூல்ஃப்ங்கற ஆராய்ச்சியாளர் தண்டுவடத்துல இந்த மாதிரி உணர்திறன் ஏறிப்போறதை காட்டினார். அதுக்கும் முன்னாடி 1965ல ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் சேர்ந்து, வலி சிக்னல் மூளைக்கு போற வழியில தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு, அது திறக்கவும் செய்யும் மூடவும் செய்யும்னு சொன்னாங்க. இடிச்சுக்கிட்டா உடனே அந்த இடத்தை தேய்ச்சு விடறோமே, அந்த தொடு உணர்ச்சி போய் கதவை கொஞ்சம் சாத்துது. தூக்கம் கெட்டா, பயம் வந்தா, தனியா கிடந்தா அதே கதவு விரிய திறந்துக்கும்.

இதை சொன்னா உடனே "அப்ப என் வலி மனசு தான்னு சொல்றியா"ன்னு கோவம் வரும், எனக்கும் வந்துச்சு. அப்படி இல்ல. வலி நிஜம், நரம்பு நிஜம், அலாரம் நிஜமாவே அடிக்குது. அலாரத்தோட அளவை குறைக்க முடியும்ங்கறது தான் நல்ல சேதி.

வலிக்கு சரியான பேர் வைங்க

இது தான் இந்த கைடுலயே எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. டாக்டர்கிட்ட போய் "வலிக்குது டாக்டர்"னு சொல்லிட்டு உக்காந்திருப்போம், அவர் பத்துக்கு எத்தனைன்னு கேப்பார், எட்டுன்னு சொல்லுவோம், முடிஞ்சுது. நம்ம பாஷையில வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கு! குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, எரியுது, சுருக்குன்னு இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, பிசையுது, பிடிச்சுக்குது, மதமதன்னு இருக்கு, மரத்துப்போகுது, சுள்ளுன்னு ஏறுது. ஒவ்வொண்ணும் வேற வேற வலி. மெல்ஸாக் 1975ல வலியை விவரிக்கற வார்த்தைகளை வெச்சே ஒரு கேள்வித்தாள் பண்ணினார், அதை உலகம் முழுக்க பயன்படுத்துறாங்க, நமக்கு அந்த வார்த்தைகள் வீட்டுலயே இருக்கு, டாக்டர் ரூம்ல மட்டும் மறந்துடறோம்.

ஏன் இது முக்கியம்னா வார்த்தை தான் துப்பு. எரியுது, கரண்ட் அடிச்ச மாதிரி ஓடுது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, ஊசி ஊசியா குத்துது, தொட்டா உணர்ச்சியே இல்ல ஆனா உள்ள வலிக்குது, இதெல்லாம் நரம்பு வலியோட பாஷை. சர்க்கரை நோய் இருக்கறவங்க பாதத்துல, அக்கி வந்து ஆறின இடத்துல, முதுகுலேர்ந்து கால் வரைக்கும் ஓடற வலியில இந்த வார்த்தைகள் வரும், இதுக்கு சாதாரண வலி மாத்திரை அவ்வளவா கேக்காது, வேற மருந்து. நடந்தா, படி ஏறினா கூடுது, உக்காந்தா குறையுது, காலையில எழுந்ததும் அரை மணி நேரத்துக்குள்ள இறுக்கம் விட்டுடுது, இது பெரும்பாலும் தேய்மானம். மாறா ரெஸ்ட் எடுத்தா கூடுது, காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம், வீக்கம், இது அழற்சி வகை வாதமா இருக்கலாம், அதுக்கு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கணும். உடம்பு முழுக்க இடம் மாறி மாறி உளைச்சல், தூங்கி எழுந்தாலும் அசதி, ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லேன்னா அது அலாரமே கோளாறான வகை. ஒருத்தருக்கே ரெண்டு மூணு வகை கலந்தும் இருக்கும், அம்மாவுக்கு மூட்டுல தேய்மானம், பாதத்துல எரிச்சல் சர்க்கரையால. அவங்க ரெண்டையும் சேர்த்து "கால் வலி"ன்னே பல வருஷம் சொல்லிட்டிருந்தாங்க, டாக்டரும் மூட்டை மட்டுமே பாத்தார். "மூட்டு கடுக்குது, பாதம் எரியுது"ன்னு பிரிச்சு சொன்ன அன்னிக்கு தான் சிகிச்சை மாறுச்சு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நிறைய வருஷமா எடுக்கறவங்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் பாதத்துல இதே எரிச்சலை குடுக்கும், அதனால ரத்தத்துல ஒரு தடவை பாக்கச் சொல்லி கேளுங்க.

அதனால டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல எழுதுங்க: எங்க, என்ன வார்த்தை, எப்ப கூடுது, எப்ப குறையுது, அதனால எந்த வேலை நின்னுபோச்சு. அஞ்சு வரி போதும்.

பத்துக்கு எத்தனைன்னு மட்டும் எண்ணாதீங்க

நான் ஒரு காலத்துல ஒரு நாளைக்கு நாலு தடவை வலியை பத்துக்கு மார்க் போட்டு எழுதினேன், அது தப்பு, எழுத எழுத கவனம் முழுக்க அங்கேயே போச்சு. இப்ப வாரம் ஒரு தடவை மூணு கேள்வி, அவ்வளவு தான். போன வாரம் சராசரியா வலி எவ்வளவு, வாழ்க்கையை ரசிக்கறதை வலி எவ்வளவு கெடுத்துச்சு, அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து பத்து. டாக்டர்களே பயன்படுத்தற சின்ன அளவுகோல் இது. கவனிச்சு பாருங்க, மூணுல ரெண்டு கேள்வி வாழ்க்கையை பத்தினது. எனக்கு முதல் கேள்வி ஏழுலேர்ந்து அஞ்சுக்கு தான் வந்திருக்கு, ஆனா மத்த ரெண்டும் எட்டுலேர்ந்து மூணுக்கு வந்துருச்சு. வலியை மட்டும் எண்ணியிருந்தா "பெருசா ஒண்ணும் மாறல"ன்னு விட்டிருப்பேன். ஆய்வுகள்ல கூட வலி 30 சதவீதம் குறைஞ்சாலே அதை நல்ல முன்னேற்றமா எடுத்துக்கறாங்க, பூஜ்யம் யாரும் எதிர்பாக்கறதில்ல.

ஒரே ஒரு வேலையை தேர்ந்தெடுங்க

நின்னுபோன வேலைகள்ல எதை திரும்ப வேணும்னு மனசு ஏங்குதோ அதை எடுங்க. "ஃபிட்டா ஆகணும்"ங்கறது வேலை இல்ல. "பேத்தியோட ஸ்கூல் வரைக்கும் நடந்து போகணும்" வேலை. அம்மா தையலை எடுத்தாங்க. நான் நடையை எடுத்தேன்.

இனிமே சொல்றதை பொறுமையா செஞ்சா பாதி ஜெயிச்ச மாதிரி. நல்ல நாள்ல எல்லாத்தையும் சேர்த்து செஞ்சு தள்ளிட்டு அடுத்த மூணு நாள் படுக்கையில கிடக்கறது, திரும்ப நல்லா ஆனதும் சேர்ந்துபோன வேலையை எல்லாம் ஒரே மூச்சுல செய்யறது, திரும்ப படுக்கை, இந்த சுழல்ல தான் நம்மள்ல முக்கால்வாசி பேர் மாட்டியிருக்கோம். ஒவ்வொரு சுத்துலயும் உடம்போட பலம் கொஞ்சம் குறையுது, பயம் கொஞ்சம் கூடுது. இதை உடைக்க வலியை பாக்காம கடிகாரத்தை பாக்கணும்.

எப்படின்னா, மூணு நாள் உங்க வேலையை வலி கூடற வரைக்கும் செஞ்சு பாத்து நிமிஷத்தை குறிச்சுக்கங்க. எனக்கு நடை 14, 6, 10 நிமிஷம் வந்துச்சு, சராசரி 10. அதுல கொஞ்சம் குறைச்சு 8 நிமிஷத்துல ஆரம்பிச்சேன். மோசமான நாளா இருந்தாலும் 8 நிமிஷம், ரொம்ப நல்லா இருந்தாலும் 8 நிமிஷம் தான், கடிகார அலாரம் அடிச்சா நிறுத்தணும். நல்ல நாள்ல நிறுத்தறது தான் கஷ்டம், இன்னும் போலாமேன்னு கால் இழுக்கும், அங்க தான் நம்ம விழறோம். ஒரு வாரம் ஒழுங்கா போச்சுன்னா ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ கூட்டுங்க. எனக்கு அரை மணி நேரம் வர அஞ்சு மாசம் ஆச்சு. அம்மா பத்து நிமிஷ தையல்ல ஆரம்பிச்சாங்க, பத்து ஆனதும் எழுந்து ரெண்டு நிமிஷம் நடந்துட்டு வரணும், மெஷின் ஊசியில நூல் கோத்ததோட முதல் நாள் முடிஞ்சுபோச்சு, ஆனா துணி எடுத்தாச்சு.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது பரவாயில்ல. எனக்கு பிசியோ சொன்ன கணக்கு: தாங்கற அளவு வலி, அடுத்த நாள் அதே நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா நீங்க சரியான அளவுல இருக்கீங்க. வரலேன்னா அடுத்த தடவை அளவை குறைங்க, நிறுத்தாதீங்க.

பலம் ஏத்தறது

எந்த உடற்பயிற்சி நல்லதுன்னு கேட்டா, நீங்க விடாம செய்யறது எதுவோ அதுதான். நடை, நீச்சல், சைக்கிள், யோகா, தை சிங்கற மெதுவான சீனப் பயிற்சி, எதுவும் ஒண்ணை ஒண்ணு பெருசா தோக்கடிக்கல. உலக சுகாதார அமைப்பு 2020ல சொன்னது வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு, 65க்கு மேல இருக்கறவங்க வாரத்துல மூணு நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி சேர்க்கணும்னு. 150ஐ பாத்து மலைக்காதீங்க, அது போய் சேர வேண்டிய இடம், கொஞ்சமா செஞ்சாலும் ஒண்ணுமே செய்யாததை விட மேல்னு அதே அமைப்பு தான் சொல்லுது.

எதுவுமே தெரியாதவங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க, நாற்காலியிலேர்ந்து எழுந்து உக்கார்றது. கைப்பிடி இருக்கற, நகராத நாற்காலி, சுவத்தோட ஒட்டிப் போட்டுக்கங்க. கையை ஊன்றி எழுந்திருக்கலாம், மெதுவா உக்காரணும், தொப்புன்னு விழக் கூடாது. அஞ்சு தடவை, நாளைக்கு ரெண்டு வேளை. ரொம்ப கஷ்டமா இருந்தா உக்கார்ற இடத்துல கெட்டியா ஒரு குஷன் போட்டு உசத்திக்கங்க. தொடைத் தசை பலமாச்சுன்னா மூட்டு தாங்கற விதமே மாறும், அதோட பாத்ரூம் போறதுக்கும் காரை விட்டு இறங்கறதுக்கும் யாரையும் கூப்பிட வேண்டாம், எழுபதுக்கு மேல அது எவ்வளவு பெரிய கௌரவம்னு வீட்டுல பெரியவங்க இருக்கறவங்களுக்கு தெரியும். எடை கூட இருந்து மூட்டு வலியும் இருக்கறவங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு கிலோ குறைச்சா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால்ல விழற பாரம் சுமார் நாலு கிலோ குறையுதுன்னு 2005ல அளந்து பாத்திருக்காங்க.

கைத்தடி பத்தி ஒரு வார்த்தை. நிறைய பேர் வெக்கப்பட்டுட்டு வெளியவே போகாம இருக்காங்க, பிடிக்கறவங்களும் தப்பான கையில பிடிக்கறாங்க. வலது மூட்டு வலிச்சா தடி இடது கையில. வலிக்கற காலும் தடியும் ஒண்ணா முன்னால போகணும். செருப்பு போட்டு நிமிர்ந்து கையை தொங்க விட்டா மணிக்கட்டு மடிப்புக்கு நேரா தடியோட பிடி இருக்கணும், அடியில ரப்பர் தேய்ஞ்சா மாத்துங்க. படியில ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கற கால் முதல்ல.

இடுப்புல பெல்ட் போட்டே இருக்கறது, முதுகை மெஷின்ல மாட்டி இழுக்கறது, இதையெல்லாம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வழக்கமா பயன்படுத்த வேண்டாம்னு உலக சுகாதார அமைப்பு 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இருக்கு. என் பெல்ட்டை அப்புறம் தான் கழட்டினேன்.

தூக்கம்

வலியால தூக்கம் போகுதுன்னு தான் நினைப்போம், ஆனா தூக்கம் கெட்ட மறுநாள் வலி கூடறது அதை விட உறுதியா நடக்குது, நீங்களே ரெண்டு வாரம் குறிச்சு பாருங்க. எழுந்திருக்கற நேரத்தை முதல்ல கெட்டியாக்குங்க, ராத்திரி எப்படி போனாலும் காலையில அதே நேரம். பகல்ல அரை மணிக்கு மேல தூங்காதீங்க, சாயங்காலம் தூங்கவே வேண்டாம். இருபது நிமிஷம் போல புரண்டும் தூக்கம் வரலேன்னா எழுந்து வேற இடத்துல மங்கலான வெளிச்சத்துல உக்காந்துட்டு கண்ணு சொக்கும்போது திரும்ப போங்க. ஒருக்களிச்சு படுக்கறவங்க முழங்கால் நடுவுல ஒரு தலையணை, மல்லாந்து படுக்கறவங்க முழங்காலுக்கு அடியில. தூக்க மாத்திரை பெரியவங்களை ராத்திரி பாத்ரூம் போற வழியில விழ வெச்சுரும், அதனால அது கடைசி வழியா இருக்கட்டும். பக்கத்துல படுக்கறவங்க குறட்டை சத்தத்தை சொன்னா, நடுவுல மூச்சு நிக்குதுன்னு சொன்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மாத்திரை

மாத்திரை கெட்டதும் இல்ல, கடவுளும் இல்ல. உங்க வேலையை செய்ய அது ஒரு கை குடுக்குதான்னு பாருங்க, குடுக்கலேன்னா எதுக்கு எடுக்கறோம்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

பாராசிட்டமால் பெரியவங்களுக்கு அதிகபட்சம் ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் எட்டு, எடை குறைஞ்சவங்க, கல்லீரல் பிரச்சினை இருக்கறவங்க, தினம் குடிக்கறவங்களுக்கு அதை விட குறைவு. சளி மாத்திரையிலயும் கூட்டு மாத்திரையிலயும் அதே பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அட்டையை திருப்பி படிங்க. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென் வகையறா நல்லா கேக்கும், ஆனா வயசு ஏற ஏற வயித்துல ரத்தக்கசிவு, கிட்னி, இதயம் மூணுக்கும் ஆபத்து கூடும். பிபி மாத்திரையில சில வகையும் நீர் பிரியற மாத்திரையும் சேர்ந்து எடுக்கறவங்க இதையும் சேர்த்தா கிட்னி திடீர்னு அடி வாங்கும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க கேக்காம தொடவே கூடாது. முழங்காலுக்கும் கை விரலுக்கும் அதே டைக்ளோஃபெனாக் ஜெல்லா வருது, தோலுக்கு பக்கத்துல இருக்கற மூட்டுங்கறதால வேலை செய்யும், ரத்தத்துல ரொம்ப கம்மியா தான் கலக்கும், மாத்திரைக்கு முன்னாடி அதை முயற்சி பண்ணலாமான்னு கேளுங்க.

நரம்பு வலிக்கு கபாபென்டின், ப்ரீகாபலின், டுலோக்ஸெடின் மாதிரி குடுப்பாங்க. இதுல சிலது மன அழுத்தத்துக்கும் குடுக்கற மருந்து, கடையில யாராவது சொல்லி "என்னை பைத்தியம்னு நினைச்சுட்டாரு டாக்டர்"னு வருத்தப்பட்டு நிறுத்தினவங்களை எனக்கு தெரியும். மூளையிலேர்ந்து கீழ வந்து வலிக் கதவை சாத்தற நரம்புப் பாதையில அந்த மருந்து வேலை செய்யுது, அதுக்காக தான் குடுக்கறாங்க. ஆரம்பத்துல தலை சுத்தும், தூக்கம் வரும், விழாம பாத்துக்கங்க, பிடிக்கலேன்னா திடீர்னு நிறுத்தாம சொல்லிட்டு படிப்படியா குறைங்க. தலைவலிக்காரங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு: மாசத்துல 15 நாள் அல்லது அதுக்கு மேல சாதாரண வலி மாத்திரை, கூட்டு மாத்திரைன்னா 10 நாள், மூணு மாசத்துக்கு மேல இப்படி போனா மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பேரும் பொருளும் எழுதாத பொட்டலத்துல வர்ற "ஒரே வாரத்துல வலி போகும்" பொடியை வாங்காதீங்க, அந்த மாதிரி பொடிகள்ல ஸ்டீராய்ட் கலந்து பிடிபட்டிருக்கு.

அம்பது தாண்டினவங்க அக்கிக்கான தடுப்பூசி பத்தி கேளுங்க. அக்கி ஆறினப்புறம் மாசக்கணக்குல எரியற வலி வயசானவங்களுக்கு தான் அதிகம், அதை வராம தடுக்கறது ரொம்ப சுலபம், வந்தப்புறம் விரட்டறது ரொம்ப கஷ்டம். கொப்புளம் வந்துட்டா 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும்.

மனசும் வீட்டு ஆளுங்களும்

நாள்பட்ட வலி இருக்கறவங்களுக்கு மனச்சோர்வு வர்றது சாதாரணம், மனச்சோர்வு வந்தா வலி கூடறதும் சாதாரணம், ரெண்டும் கை கோத்துட்டு வரும். ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பு இல்ல, சாப்பாடு இறங்கல, அழுகையா வருதுன்னா அதையும் வலி மாதிரியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. வாழவே வேண்டாம்னு தோணினா அன்னிக்கே, அந்த நிமிஷமே யார்கிட்டயாவது சொல்லுங்க, தனியா இருக்காதீங்க. பேசி குணப்படுத்தற சிகிச்சைகள் நாள்பட்ட வலிக்கு உதவுதுன்னு நல்ல ஆதாரம் இருக்கு, அது பலவீனம் இல்ல.

வீட்டுல இருக்கறவங்களுக்கு என் வேண்டுகோள்: "வலி எப்படி இருக்கு"ன்னு தினம் கேக்காதீங்க, "இன்னிக்கு என்ன பண்ணினே"ன்னு கேளுங்க. அவங்க கையிலேர்ந்து வேலையை எல்லாம் பிடுங்காதீங்க, பாசத்துல தான் செய்யறீங்க, ஆனா கடைசியில அவங்களுக்கு வலி மட்டும் தான் மிச்சம் இருக்கும். நானே அம்மாகிட்ட இதை பல வருஷம் செஞ்சேன், டம்ளர் கூட எடுக்க விடல. அது தப்புன்னு இப்ப தெரியுது.

மறதி நோய் இருக்கற பெரியவங்க வலியை சொல்ல மாட்டாங்க, காட்டுவாங்க. முகம் சுளிக்கறது, புதுசா முனகறது, குளிப்பாட்டும்போது கையை தட்டி விடறது, சாப்பிட மறுக்கறது, ஒரு பக்கத்தையே பிடிச்சுக்கறது, சாயங்காலம் ஆனா கத்தறது. "பிடிவாதம் ஜாஸ்தியாயிடுச்சு"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி எங்கயாவது வலிக்குதான்னு தேடுங்க, பல்லு, மலச்சிக்கல், கால் நகம் உட்பட.

வலி திடீர்னு ஏறுற நாளுக்கு

ஏறும். எல்லாம் சரியா செஞ்சாலும் சில நாள் காரணமே இல்லாம ஏறும், அது தோல்வி இல்ல. அந்த நாள்ல மூளை யோசிக்காது, அதனால நல்ல நாள்லயே ஒரு அட்டையில எழுதி கட்டில் பக்கத்துல ஒட்டி வைங்க. என் அட்டையில இருக்கறது: முதல்ல மேல சொன்ன ஆபத்து அறிகுறி எதாவது இருக்கான்னு பாரு. வெந்நீர் ஒத்தடம் 15 நிமிஷம், உணர்ச்சி மரத்த இடத்துல மட்டும் வேண்டாம், சூடு தெரியாம வெந்துரும். மூச்சை மெதுவா உள்ள இழுத்து அதை விட மெதுவா விடு, அஞ்சு நிமிஷம். டாக்டர் சொன்ன மாத்திரை, சொன்ன அளவு. முழு நாள் படுக்காத, ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து ரூமுக்குள்ள நட. நடை பாதியாக்கு, 30 நிமிஷம் 15 ஆகட்டும், நாலு நாள் கழிச்சு திரும்ப ஏத்து. தங்கச்சிக்கு ஃபோன் பண்ணு.

அம்மாவோட அட்டையில கடைசி வரி அவங்களே எழுதினது: தையல் அஞ்சு நிமிஷம் போதும், ஆனா மெஷினை துணி போட்டு மூடக் கூடாது.